பட்டம் பெற்ற பின் எங்கே போனார்கள்?

எனக்குக் கோல்ப் ஆடத் தெரியாது. மட்டை வாங்கும் வசதியும் இல்லை. கிளப்பில் உறுப்பினராகும் தகுதியும் இல்லை. ஆயினும் பல ஆண்டுகளாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். அமெரிக்கக் கல்லூரிகளுக்காகக் கோல்ப் ஆடிய மாணவர்கள், கல்லூரியை விட்ட பின் என்ன ஆனார்கள் என்பதே அதில் உள்ள செய்தி. கிரிக்கெட் வீரர்களின் ஓட்டங்களைக் குறித்து வைப்போர் உண்டு. பழைய சினிமாப் பாட்டுக்களைத் தேடித் தொகுப்போர் உண்டு. எனக்கு இந்தப் பைத்தியம். விடுதியில் என் அறைக்கு வரும் நண்பர்கள் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரித்த பின் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இவர்கள் எல்லாம் உனக்கு என்ன உறவு?" அதற்கு விடை சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பைத்தியத்துக்கும் பிறந்த ஊர் ஒன்று உண்டு. என் ஊர் உதகை. அப்பாவுக்கு அங்கே ஒரு கோல்ப் மைதானத்தில் புல் வெட்டிப் பராமரிக்கும் வேலை. பள்ளி விடுமுறை நாட்களில் நானும் உடன் போவேன். புதருக்குள் விழுந்த பந்துகளைத் தேடிக் கொடுத்தால் சில்லறை கிடைக்கும். பந்தின் மேல் அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருக்கின்றனவே, ஏன் என்று ஒரு நாள் அப்பாவைக் கேட்டேன். "அதப் பந்து செஞ்சவனத்தான் கேக்கோணும் கண்ணு" என்றார். விடை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. குழிகள் இருப்பதால் காற்று பந்தின் மேற்பரப்பை ஒட்டியே நெடுந்தொலைவு ஓடுகிறது, பந்துக்குப் பின்னே உண்டாகும் சுழல் குறுகுகிறது, தடையும் குறைகிறது. ஆதலால் வழவழப்பான பந்தைக் காட்டிலும் குழி விழுந்த பந்து வெகு தூரம் பறக்கிறது. குறையென்று நினைத்தது குணமாயிற்று! அந்த வியப்புத்தான் என்னைப் பௌதிகத்துக்கு இழுத்து வந்தது. இன்று கொல்கத்தாவில் எம்.எஸ்ஸி. இறுதி ஆண்டு.

நோட்டுத் தொடங்கியது 2019இல், பள்ளி இறுதியில் இருந்தபோது. அந்த ஆண்டு ஜூலையில் மின்னசோட்டா மாநிலத்தில் பிளெய்ன் என்னும் ஊரில் ஒரு தொழில்முறைப் போட்டி நடந்தது. நான்கு நாள் ஆட்டம். கடைசிக் குழியில் மூன்று இளைஞர்கள் வெற்றிக்குப் போராடினார்கள். ஒருவர் மாத்யூ உல்ப். வயது 20. ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக் கழகத்துக்காக ஆடி, சில வாரங்களுக்கு முன்புதான் அகில அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன் ஆனவர். இன்னொருவர் காலின் மொரிகாவா. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் வணிக நிர்வாகம் படித்து அப்போதுதான் பட்டம் பெற்றவர். மூன்றாமவர் பிரைசன் டிஷாம்போ. டல்லஸ் நகரில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக் கழகத்தில் பௌதிகம் பயின்றவர். அதாவது நம் இனத்தார். உல்ப் கடைசிப் பந்தைக் கரையோரத்திலிருந்து தட்டினார். அது உருண்டு போய்க் குழியில் விழுந்தது. அவருக்கு நான்கு நாளிலும் சேர்த்து 263 அடி. மற்ற இருவருக்கும் 264. கோல்பில் குறைவாக அடித்தவரே வென்றவர்.

இந்த இரண்டு எண்களும் என்னை உறங்க விடவில்லை. நான்கு நாள், 72 குழி. முடிவில் வேறுபாடு ஒரே ஓர் அடி! நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழையோடு அளந்து முடித்தால் அதை நல்ல அளவு என்போம். அங்கேயோ அதைவிடச் சிறிய வேறுபாடு ஒருவரை மேடையில் ஏற்றுகிறது; மற்றவர்களைக் கீழே நின்று கை தட்டச் சொல்கிறது. அப்படியானால் இவர்கள் மூவரில் உண்மையில் திறமை மிக்கவர் யார்? ஒரு வாரத்து ஆட்டம் அதைச் சொல்லாது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டும். அதனால் தொடர்ந்தேன்.

ஓர் ஆண்டு சென்றது. 2020இல் மொரிகாவா பி.ஜி.ஏ. சாம்பியன் பட்டத்தை வென்றார். 2021இல் பிரிட்டனின் ஓபன் பட்டமும் அவருக்கே. 2020 அமெரிக்க ஓபனை டிஷாம்போ வென்றார். மூன்றாம் நாள் முடிவில் அங்கே முன்னணியில் இருந்தவர் யார் தெரியுமா? உல்ப்! கடைசி நாளில் இரண்டாம் இடத்துக்கு இறங்கினார். 2021இல் மன அமைதி குலைந்து, ஏறக்குறைய இரண்டு மாதம் ஆட்டத்தை விட்டு ஒதுங்கினார். ஒதுங்கியதற்குக் காரணத்தை ஒளிக்காமல் சொல்லவும் செய்தார். டிஷாம்போ 2024இல் மறுபடியும் அமெரிக்க ஓபனை வென்றார். 2019இல் ஒரே குழியருகே நின்ற மூவருக்கும் இப்படி மூன்று பாதைகள். அன்று வென்றவருக்குத்தான் பாதை மிகவும் கரடுமுரடாயிற்று.

அமெரிக்காவில் கல்லூரிகளுக்கிடையிலான கோல்ப் போட்டி 1897இல் தொடங்கியது. நல்ல ஆட்டக்காரனுக்குக் கல்லூரி உதவித்தொகை தருகிறது. பயிற்சியாளர், மைதானம், பயணச் செலவு எல்லாம் தருகிறது. படிக்கும் வரை அவன் அமெச்சூர். பெரும் பரிசுப் பணத்தைத் தொடக் கூடாது. படிப்பு முடிந்ததும் ஏணியின் கீழ்ப்படியில் நிற்க வேண்டும். சிறு போட்டிகள், தகுதிச் சுற்றுகள், அவற்றுக்கு மேலே கார்ன் பெர்ரி டூர், அதற்கும் மேலே பி.ஜி.ஏ. டூர். பெரும்பாலான போட்டிகளில் இரண்டு நாள் ஆட்டத்துக்குப் பின் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்குக் காசு கிடையாது. ஓட்டல் வாடகையும் விமானக் கட்டணமும் கைப்பொறுப்பு. 2020இல் ஒரு புதிய வழி பிறந்தது. கல்லூரி ஆட்டத்தைக் கொண்டே தர வரிசை செய்து, முன்னிற்பவர்களுக்கு நேரே இடம் தரும் திட்டம் அது. 2023 முதல் அந்த வரிசையில் முதலாவது வருபவர் நேராக மேல்படியிலேயே காலை வைக்கலாம். முதன்முதலில் அப்படி வந்தவர் டெக்ஸாஸ் டெக் பல்கலைக் கழகத்து மாணவர், ஸ்வீடன் நாட்டு லுட்விக் ஓபெர்க். 2024இல் அகஸ்டாவின் மாஸ்டர்ஸ் போட்டியில் முதன்முதலாக ஆடியபோதே இரண்டாம் இடம் பெற்றார்.

இனி என் நோட்டிலிருந்து சில பக்கங்கள்.

முதல் பக்கத்தில் ஜாக் நிக்லஸ் இருக்கிறார். தந்தை மருந்துக் கடைக்காரர். மகனும் ஒஹையோ மாநிலப் பல்கலைக் கழகத்தில் மருந்தியல் படிக்கத்தான் சேர்ந்தார். 1961இல் கல்லூரிச் சாம்பியன் பட்டத்தையும் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தையும் ஒரே ஆண்டில் வென்றார். இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டு அமெச்சூராகவே இருந்துவிடலாம் என்றும் நினைத்திருந்தார். பின்னர் மனம் மாறித் தொழிலில் இறங்கினார். 1962 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில் அவர் பெற்ற முதற் சம்பளம் என்ன? 33 டாலர் 33 சென்ட்! அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க ஓபனை வென்றார். பின்னாளில் அவர் பெற்ற பெரும் பட்டங்கள் 18.

கல்லூரிப் பட்டத்தையும் அமெச்சூர் பட்டத்தையும் ஒரே ஆண்டில் வென்றவர் பட்டியலில் நிக்லஸுக்குப் பின் 1990இல் பில் மிக்கல்சன், 1996இல் டைகர் உட்ஸ், 2004இல் ரையன் மூர், 2015இல் டிஷாம்போ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பட்டியலைப் பார்த்து, கல்லூரியில் முதல்வன் வாழ்விலும் முதல்வன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அடுத்த பக்கத்தில் ஜான் பீட்டர்சன் இருக்கிறார். 2011 கல்லூரிச் சாம்பியன். லூயிசியானா மாநிலப் பல்கலைக் கழகம். 2012 அமெரிக்க ஓபனில் நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டவர். 2018இல், 29ஆம் வயதில், ஆட்டத்தை விட்டு வேறு தொழிலுக்குப் போகப் போவதாகச் சொன்னார். திறமையில் குறைவா? இல்லவே இல்லை. நூற்றுக்கு அரைப் பங்கு!

மூன்றாம் பக்கம் காத்திருந்தவர்களுடையது. ஆர்னால்டு பாமர் வேக் பாரஸ்ட் கல்லூரியில் படித்தபோது, 1950இல், அறைத் தோழர் கார் விபத்தில் இறந்தார். பாமர் கல்லூரியை விட்டுக் கடலோரக் காவற் படையில் சேர்ந்தார். பிறகு கிளீவ்லாந்தில் பெயிண்டு விற்றார். 1954இல் அமெச்சூர் பட்டம் வென்ற பின்னரே தொழில் ஆட்டத்துக்கு வந்தார். பாட்ரிக் காண்ட்லே, லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக் கழக மாணவராக இருந்தபோது, 2011இல் ஒரு பி.ஜி.ஏ. போட்டியில் ஒரு நாள் ஆட்டத்தை 60 அடியில் முடித்தார். பின் முதுகெலும்பு முறிவு. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரு போட்டியிலும் ஆடவில்லை. அந்தக் காலத்திலேயே, 2016இல், உற்ற நண்பர் கார் மோதிக் கண்ணெதிரே மாண்டார். 2017இல் திரும்பி வந்த காண்ட்லே, 2021இல் அந்த ஆண்டின் பெட்எக்ஸ் கோப்பையையே வென்றார். மாட் குச்சர் 1997 அமெச்சூர் சாம்பியன்; ஆயினும் ஜார்ஜியா டெக்கில் பட்டத்தை முடித்து, ஒரு நிதி நிறுவனத்தில் வேலையும் பார்த்துவிட்டு, 2000இல்தான் தொழில் ஆட்டக்காரர் ஆனார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார்.

இவற்றைப் படிக்கும்போது நெஞ்சம் நிமிர்கிறது. ஆனால் விஞ்ஞான மாணவன் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். வேலைக்குப் போய்த் திரும்பி வந்து வென்றவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும். பெயிண்டு விற்கப் போனவர்களில் பாமர் ஒருவர். பெயிண்டு விற்றுக்கொண்டே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ! ஆற்றில் கரையேறியவனைக் கேட்டால் ஆழம் குறைவு என்றுதான் சொல்வான். என் நோட்டிலும் பல பெயர்களின் எதிரே வெற்றிடம் இருக்கிறது. கடைசியாக அந்தப் பெயரைப் பார்த்த ஆண்டை மட்டும் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். அழிக்க நேரலாம் என்ற நம்பிக்கையால்தான் பென்சில்.

இன்னொரு வகையினரும் உண்டு. தொழிலாக்கிக் கொள்ளாமலே சிறந்தவர்கள். பாபி ஜோன்ஸ் ஜார்ஜியா டெக்கில் எந்திரப் பொறியியலும் ஹார்வர்டில் ஆங்கில இலக்கியமும் படித்தார்; பின் வழக்கறிஞர் ஆனார். 1930இல் அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலும் ஓபன், அமெச்சூர் என நான்கு பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்று, 28ஆம் வயதில் போட்டியிலிருந்து விலகினார். நம் காலத்தில் ஸ்டூவர்ட் ஹேகஸ்டாட் இருக்கிறார். தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் ஆடியவர். நிதித் துறையில் வேலைக்குப் போனவர். 25 வயதைக் கடந்த அமெச்சூர்களுக்கான அமெரிக்கப் பட்டத்தை 2016, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் வென்றார். அமெச்சூர் என்ற சொல்லுக்கு வேர் அன்பு என்னும் பொருளுடைய லத்தீன் சொல். நாமோ அரைகுறை என்ற பொருளில் அதை வழங்குகிறோம்!

அந்த அன்புக்கு விலை உண்டா? 2024 ஜனவரியில் அலபாமாப் பல்கலைக் கழக மாணவர் நிக் டன்லப், கலிபோர்னியாவில் ஒரு பி.ஜி.ஏ. போட்டியை வென்றார். 1991இல் மிக்கல்சன் வென்றதற்குப் பின் ஓர் அமெச்சூர் அத்தகைய போட்டியை வெல்வது அதுவே முதல் முறை. முதற்பரிசு 15 லட்சத்து 12 ஆயிரம் டாலர். அவர் அமெச்சூர், ஆதலால் ஒரு சென்ட்கூடக் கிடையாது. பணம் இரண்டாம் இடத்தவருக்குப் போயிற்று. சில நாட்களில் டன்லப் தொழில் ஆட்டக்காரரானார். அவரைக் குறை சொல்ல யாரால் முடியும்? ஸ்டான்போர்டின் ரோஸ் ஜாங் 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் கல்லூரிச் சாம்பியன். 2023 ஜூனில் தொழில் வீராங்கனையாக ஆடிய முதல் போட்டியையே வென்றார். 1951க்குப் பின் பெண்கள் ஆட்டத்தில் நிகழாத ஒன்று அது. வென்ற பிறகும் படிப்பை விடவில்லை.

நம் நாட்டில் இந்த ஏணி இல்லை. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ப் கிளப் நான் வாழும் இந்த நகரத்தில்தான் இருக்கிறது. 1829இல் தோன்றிய ராயல் கல்கத்தா கோல்ப் கிளப். டாலிகஞ்ச் பக்கம் போகும்போதெல்லாம் மதிலுக்கு வெளியே சற்று நிற்பேன். 1965இல் இந்தியன் ஓபனை வென்ற பி.ஜி. சேத்தி ஓர் அமெச்சூர். அப்பட்டம் பெற்ற முதல் இந்தியர். அதன் பின் 1991இல் அலி ஷேர் வென்றார். அவர் பிறர் மட்டைகளைச் சுமக்கும் காடியாக இருந்து ஆட்டம் கற்றவர். 2016, 2017 இரண்டு ஆண்டுகளிலும் வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியா இந்த ராயல் கல்கத்தா மைதானத்தில் புல் பராமரித்தவரின் மகன். முதன்முதலில் இதைப் படித்த அன்று, நள்ளிரவு என்றும் பாராமல் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அப்பிடியா! அந்தப் பையனோட அப்பா இன்னும் இருக்காரா?" என்று மட்டும் கேட்டார்.

ஹைதராபாத்திலிருந்து படிக்கச் சென்றவரின் மகன் ஒருவரும் என் நோட்டில் இருக்கிறார். பெப்பர்டைன் பல்கலைக் கழகத்தின் சாகித் தீகலா. 2022 பீனிக்ஸ் போட்டியில் வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 17ஆம் குழியில் நன்றாக அடித்த பந்து இடப்பக்கம் துள்ளி நீரில் விழுந்தது. ஓர் அடியில் வாய்ப்புப் போயிற்று. 2023 செப்டம்பரில் முதல் வெற்றி பெற்றார். ஓர் அடிக்கு ஒன்றரை ஆண்டுக் காத்திருப்பு.

இப்போது நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். இவர்கள் எனக்கு என்ன உறவு?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் இங்கே வந்தபோது, நம் மன்றத்தின் பழைய மலர்களை நூலக அலமாரியில் கண்டேன். எடுத்துப் போய் ஒரே இரவில் படித்தேன். எவ்வளவு கவிதை! எவ்வளவு விவாதம்! ஆண்டுதோறும் கடைசிப் பக்கத்தில் விடைபெறுவோரின் புகைப்படம். அவர்களெல்லாம் எங்கே? என் நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து இன்னொரு பட்டியல் தொடங்கினேன். நான் வந்த ஆண்டு விடைபெற்றவர்கள் 14 பேர். 9 பேரின் இருப்பிடம் எனக்குத் தெரியும். வெண்பா எழுதி நம்மையெல்லாம் மருட்டிய அண்ணன் திருச்சியில் ஒரு வங்கியில் இருக்கிறார். பேச்சுப் போட்டியில் சுழற்கோப்பை வாங்கிய அக்கா ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்கிறார். ரசாயனத்தில் தங்கப் பதக்கம் பெற்றவர் பெங்களூரில் கணிப்பொறி வேலை பார்க்கிறார். வங்கி அண்ணன் இன்னும் வெண்பா எழுதுகிறாரா? எழுதினால் அவர் ஹேகஸ்டாட். மற்ற ஐவரின் எதிரே பென்சில்.

எனக்கும் முறை வந்துவிட்டது. ஆராய்ச்சி மாணவருக்கான தேசிய உதவித்தொகைத் தேர்வில் தேறியிருக்கிறேன். மாதம் 37,000 ரூபாய். பெங்களூர்க் கம்பெனி ஒன்று ஏறத்தாழ இரு மடங்கு தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அப்பா இன்னும் இரண்டு ஆண்டில் ஓய்வு பெறுவார். தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். கோல்ப் கணக்குகளை ஆண்டுக்கணக்கில் எழுதியவனுக்கு இந்தக் கணக்கு ஒரு மாதமாக முடியவில்லை. பொங்கலுக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன்.

"ஏங்கண்ணு, அந்த ஆராய்ச்சி எத்தன வருசம்?"

"அஞ்சு வருசம் ஆகும்பா."

"அதுக்கப்புறம் வேல உண்டா?"

"உறுதியில்லப்பா."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாப்பா படிப்புத்தான் ஒண்ணு. அதுல பாதி நீ அனுப்பு. பாதி நாம் பாத்துக்கறேன். மத்தது உன் இஷ்டம்" என்றார்.

பாபி ஜோன்ஸைப் பற்றியோ நிக்லஸைப் பற்றியோ நான் அவரிடம் பேசவில்லை. பேசவேண்டிய அவசியமும் எழவில்லை. விடுதிக் கட்டணமும் சாப்பாடும் போக மாதம் 12,000 அனுப்ப முடியும் என்று கணக்குப் போட்டேன். கம்பெனிக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினேன். ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்துவிட்டேன்.

இது நல்ல முடிவா? என் நோட்டு அதற்கு விடை சொல்லவில்லை. முதல் ஆண்டைக் கொண்டு எவரையும் எடை போடாதே என்பதை மட்டும் அது எனக்குச் சொல்லிக் கொடுத்தது. வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் இடையே ஓர் அடிதான் என்றால், வென்றவனுக்குச் செருக்கும் வேண்டாம்; தோற்றவனுக்கு வெட்கமும் வேண்டாம். பெங்களூர் செல்லும் நண்பனை நான் இரக்கத்தோடு பார்க்கப் போவதில்லை. அவனும் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம்.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் இவ்வாண்டு விடைபெறும் 11 பேரின் படம் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த ஊர் சென்றாலும், எந்த வேலை செய்தாலும், வேலையே கிடைக்காமல் வீட்டில் இருந்தாலும், மன்றத்தின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். 11 பெயர்களையும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவிட்டேன். பெயருக்கு எதிரே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன். போதாவிட்டால் தாள் ஒட்டிக்கொள்ளலாம்.